காசம்மாள் வைத்த குங்குமம்

ஈச்சங்குப்பத்தில் பெண் பஞ்சம் வந்துவிட்டது என்று ஊர்கூட்டிச் சொன்னவர் ஊர்த் தலைவரான நாட்டார் ஆதிமூலம்தான். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனின் கிழக்கு ஓரத்தில், கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் தொண்ணூறு வீடுகள் கொண்ட மீனவர் ஊர் அது. 1958ஆம் வருஷம், மாசி மகம் முடிந்த மறுநாள் மாலை, மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்தைக் கூட்டி அவர் ஒரு கட்டுப்பாடு போட்டார். இனிமேல் ஊர்ப் பெண்ணை வெளியூரில் கொடுக்கக் கூடாது. மீறினால் ஊர் விலக்கு.

"இருவத்தஞ்சு வயசு தாண்டினவனுங்க பத்தொம்போது பேரு கல்யாணம் இல்லாம நிக்கிறானுங்க. பொண்ணு எங்க இருக்குது? டவுன்லேருந்து சைக்கிள்ல வரான், கேக்கறான், நாமளும் கொடுத்துடறோம். இப்டியே போனா வலை இழுக்க ஆள் இருக்காதுபா. நம்ம பொண்ணு நம்ம பசங்களுக்கு. அவ்ளோதான்."

அந்தப் பத்தொன்பது பேரும் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவன் தங்கராசு. வயது முப்பத்தொன்று. ஆதிமூலத்தின் பெரிய வலையில் அவனைப் போல வேலை தெரிந்தவன் கிடையாது. நாட்டார் தங்களுக்காகப் பேசுகிறார் என்று அன்றைக்கு அவனுக்கு மனசு நிறைந்துதான் போனது.

பத்து நாள் கழித்து, நாட்டார் வீட்டிலிருந்து சம்மந்தம் வீட்டுக்கு வெற்றிலைத் தாம்பாளம் போனது. சம்மந்தத்தின் இளைய மகள் வனஜாவுக்குப் பதினேழு வயது. பெண் கேட்டது அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவனுக்காக அல்ல. நாட்டார் தனக்காகக் கேட்டிருந்தார். அவருக்கு நாற்பத்தொன்பது. முதல் மனைவி மூன்றாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த பெண் மஞ்சள் காமாலையில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சம்மந்தத்தின் மூத்த மகள் காசம்மாள் அப்போது வீட்டில் இல்லை. பாகூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறுவதற்கு இரண்டு வருஷம் முந்தைய கார்த்திகைப் புயலில் அவள் புருஷன் கோதண்டம் கட்டுமரத்தோடு போனான். உடம்பு கரைக்கு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் தாலி இறக்கி, வெள்ளைப் புடவை கட்டி அப்பன் வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்மந்தத்துக்குக் கண்ணில் புரை விழுந்து கடலுக்குப் போக முடியாமல் ஆனபிறகு, காசம்மாளின் தலைக்கூடைதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

வெயிலில் நடந்து வந்தவள் வீட்டின் நடுவில் தாம்பாளத்தைப் பார்த்தாள். வெற்றிலை, வாழைப்பழம், அரக்குநிறப் பட்டுப் புடவை. பின்கட்டில் வனஜா தலையைத் தூக்காமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எவனுக்குக் கேட்டு வந்தாங்க, நைனா?"

"நாட்டாருக்குத்தான்."

காசம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"பெரிய வலை வச்சிருக்கிறவரு. சோத்துக்குப் பஞ்சம் இல்ல," என்றார் சம்மந்தம். "வயசு கொஞ்சம் ஏறுனவருதான். வேற எவன் இருக்கான்? எல்லாம் சொந்தமா ஒரு கட்டுமரம்கூட இல்லாத பசங்க."

"வனஜா, நீ இன்னாடி சொல்ற?"

"என்னை யாரு கேட்டாங்க?"

"நான் கேக்கறேன்."

வனஜா கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு வேணாம்க்கா."

"நைனா, காதுல வுழுந்துச்சா?"

"பொண்ணைக் கேட்டா ஊருல கல்யாணம் நடக்குது? போடி, போயி கைகால் கழுவு."

காசம்மாள் கைகால் கழுவவில்லை. தாம்பாளத்தை எடுத்தாள். சம்மந்தம் பதறி எழுந்தார். வெள்ளைப் புடவைக்காரி மங்கலத் தட்டைத் தொட்டுவிட்டாள். அவர் வாசலுக்கு வருவதற்குள் அவள் தெருவில் பாதி தூரம் போயிருந்தாள்.

கோயில் முன்னால் பஞ்சாயத்தார் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வலை இழுத்து முடித்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் பஞ்சாயத்துக்கு முன்னால் வந்து நிற்கும் வழக்கம் ஈச்சங்குப்பத்தில் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் வீட்டு ஆம்பளை சொல்ல வேண்டும். காசம்மாள் நேராக வந்து தாம்பாளத்தை ஆதிமூலத்தின் காலடியில் வைத்தாள்.

"இந்தாங்க மாமா, ஒங்க தட்டு."

"எவடி இவ! தட்டைத் தொட்டுட்டா பாரு. சம்மந்தம் எங்க?"

"அவருக்குக் கண்ணு தெரியாது. எனக்குத் தெரியுது. பொண்ணு பஞ்சம்னு நீங்கதான சொன்னீங்க? பொண்ணுங்க எங்க போனாங்கன்னு நான் சொல்றேன். மொதப் பொண்டாட்டி செத்தா, ரெண்டாவது கட்டுனீங்க. அவளுக்குப் பதினெட்டு வயசு. அவ இந்த ஊருல ஒரு பையனுக்கு வர வேண்டியவ. இப்ப மூணாவதா என் தங்கச்சி. அவளும் ஒரு பையனுக்கு வர வேண்டியவ. நீங்க ஒரு ஆளு, ரெண்டு பேரோட எடத்துல குந்திக்கினு இருக்கீங்க. நீங்க மட்டும் இல்ல. இந்த ஊருல பொண்டாட்டி செத்து மறுபடி கட்டுனவங்க ஒம்போது பேரு. ஒருத்தராச்சும் முப்பது வயசுக்காரிய கட்டுனீங்களா? எல்லாம் புதுப் பொண்ணு. அப்புறம் அந்தப் பசங்களுக்கு ஏது பொண்ணு?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பஞ்சாயத்தாரில் இரண்டு பேர் அந்த ஒன்பதில் சேர்ந்தவர்கள்.

"அதுக்கு இன்னா பண்ணணும்ன்ற?" ஆதிமூலம் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"தாலி இறக்குனவங்க நாங்க பதினோரு பேரு இருக்கோம். எல்லாம் முப்பத்தஞ்சுக்கு உள்ளதான். கூடை தூக்கறோம், சோறு போடறோம், கை காலு நல்லா இருக்குது. எங்களையும் சேத்துப் பாருங்க. பஞ்சம் பாதி கொறையும்."

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. ஆதிமூலமும் சிரித்தார்.

"தாலி அறுத்த கழுத்துல எவன்டி மறுபடி கட்டுவான்?"

"நான் தாலி அறுத்தேன். ரெண்டு பொண்டாட்டி செத்தப்ப நீங்க இன்னா அறுத்தீங்க?"

சிரிப்பு நின்றது. ஆதிமூலத்தின் முகம் கறுத்தது. அவர் எழுந்து நின்று பின்வரிசைப் பக்கம் கையை நீட்டினார். "டேய், கல்யாணத்துக்கு நிக்கிறவனுங்க எல்லாம் கேட்டுக்கினீங்களா? இவளை எவனாவது கட்டிக்கிறீங்களாடா? இருந்தா முன்னாடி வா."

யாரும் வரவில்லை. காசம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் குனிந்தது. கடைசியாகத் தங்கராசுவைப் பார்த்தாள். அவனும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் தாம்பாளம் திரும்பவும் சம்மந்தம் வீட்டுக்கு வந்தது. கூடவே, சித்திரையில் முகூர்த்தம் என்ற செய்தியும் வந்தது.

தங்கராசு மணலைப் பார்த்தது காசம்மாளை அறுத்தது. புயல் நாளில் கோதண்டத்தின் கட்டுமரத்துக்குப் பக்கத்து மரத்தில் இருந்தவன் அவன். கரை வந்து சேர்ந்த இரண்டு பேரில் ஒருவன். அவளிடம் வந்து செய்தி சொன்னவனும் அவன்தான். இரண்டு வருஷமாக, கரையில் மீன் பிரிக்கும்போது அவள் கூடைக்கு நல்ல வஞ்சிரமாக ஒன்று எப்படியோ வந்து விழும். அவள் ஒன்றும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அன்று காலை பாகூர்ப் பாதையில், சவுக்குத் தோப்பு தாண்டியதும் அவன் பின்னால் வந்தான்.

"காசம்மா, கொஞ்சம் நில்லு."

"கூடை கனக்குது. நடந்துக்கினே பேசு."

"நேத்து எனக்கு வாய் வரல. அவரு வலையில இருக்கிறவன் நான்." எட்டிப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்தான். "நீ என் வூட்டுக்கு வந்துடு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. குப்பு இல்லியா, அந்த மாதிரி."

குப்பு என்பவள் புருஷன் இறந்தபிறகு பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒருவனோடு தாலி இல்லாமல் வாழ்கிறவள். ஊர் அதைக் கண்டும் காணாமல் இருந்தது. ஆனால் எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளுடைய மகளைப் பெண் கேட்டும் யாரும் வரவில்லை.

காசம்மாள் நின்றுவிட்டாள்.

"பொழுது சாஞ்சா வர்றது, விடியறதுக்குள்ள எழுந்து போறது. அப்டித்தான? அந்த ஆளு மூணாவது பொண்டாட்டிக்குப் பந்தல் போடறாரு, மேளம் வக்கிறாரு. எனக்கு மட்டும் திருட்டுத்தனமா?"

"ஊரு ஒத்துக்காதே."

"ஊரு ஒத்துக்காதது உனக்குத்தான் பயம். எனக்கு இழக்க இன்னா இருக்குது? கேட்டுக்க தங்கராசு. கட்டுனா பகல்ல கட்டு. மேளம் வச்சு, எல்லாரும் பாக்கக் கட்டு. முடியலன்னா இனிமே என் கூடையில ஒரு மீனும் போடாத."

அவன் பாதையில் நின்றுகொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் நல்ல மார்க்கெட் நேரத்தில், பாகூரில் மீன்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தங்கராசு வந்தான். வேட்டி மணலும் செதிலுமாக இருந்தது. வலையிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

"கட்டறேன்," என்றான். "பகல்லியே கட்டறேன்."

பக்கத்தில் மத்தி விற்றுக்கொண்டிருந்த விருத்தாம்பாள் தராசைக் கீழே வைத்தாள். அவளும் அதே புயலில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

"இன்னா ஆச்சு உனக்கு?" என்றாள் காசம்மாள்.

"மூணு வருஷமா, 'உனக்குப் பொண்ணு பாக்கறேன்டா, பாக்கறேன்டா'ன்னு நாட்டாரு சொல்லிக்கினு இருந்தாரு. இன்னிக்கி வலை இழுக்கறப்ப, 'டேய் தங்கராசு, என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நீதான் நடணும்'ன்றாரு. கயித்தைப் போட்டுட்டு வந்துட்டேன்."

விருத்தாம்பாள்தான் யோசனை சொன்னாள். தாலி கட்டினாலும் பஞ்சாயத்து அதைச் செல்லாது என்று பிரித்துவிடும். மேரியில் எழுதி வைத்துவிட்டால் எவனும் பிரிக்க முடியாது. கொம்யூன் ஆபீஸை வெள்ளைக்காரன் காலத்தில் மேரி என்றுதான் சொன்னார்கள். கொடி மாறி மூன்று வருஷத்துக்கு அப்புறமும் அதற்கு அதே பெயர்தான், உள்ளே அதே தடித்த புத்தகங்கள்தான். அங்கே எழுத்தராக இருந்த சௌந்தரராஜன் என்பவர் காசம்மாளையும் தங்கராசுவையும் உட்காரச் சொல்லி, விவரம் கேட்டார்.

"மொதல் வீட்டுக்காரர் இறந்ததுக்குப் பதிவு வேணும்மா. எந்த வருஷம்?"

அவள் சொன்னாள். அவர் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். இரண்டாவது தடவையும் ஓட்டினார்.

"கோதண்டம்னு யாரும் இதுல இல்லியே. உடம்பு கெடைச்சுதா?"

"இல்லிங்க."

"அதான். யாரும் வந்து எழுதல. இந்தப் புத்தகத்துப்படி உன் புருஷன் உயிரோட இருக்கார்."

"அஞ்சு வருஷமா வெள்ளைப் பொடவ கட்டியிருக்கேன்யா."

"அது புத்தகத்துக்குத் தெரியாதேம்மா." அவர் வருத்தமாகத்தான் சொன்னார். "உங்க ஊர் நாட்டாரும், அன்னிக்குக் கூடக் கடலுக்குப் போனவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா மேல அனுப்பி உத்தரவு வாங்கலாம். அது வந்தா உன் கல்யாணத்தை நானே எழுதறேன்."

நாட்டார் கையெழுத்து. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆதிமூலம் தன் வீட்டு வாசலில் வலைக் கிழிசல் பொத்துகிற ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். காசம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டார். சந்தோஷம் அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"கடல் கொடுக்காத உடம்பு. செத்தான்னு நான் எப்டி எழுதிக் கொடுப்பேன்? எங்கியாச்சும் கரை ஒதுங்கி உசுரோட இருந்தான்னா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா."

"அப்ப என் புருஷன் உசுரோட இருக்காருன்றீங்க."

"இருக்கலாம்ன்றேன். செத்தான்னு சொல்ல மாட்டேன்."

காசம்மாள் வலை பொத்துகிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினீங்க இல்ல? நாட்டார் வாயால சொன்னது." வேறு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் விடிந்ததும் அவள் தலைக்குக் குளித்தாள். முகத்தில் மஞ்சள் பூசினாள். பெட்டியின் அடியில் ஐந்து வருஷமாகக் கிடந்த பச்சைச் சுங்குடிப் புடவையை எடுத்துக் கட்டினாள். கண்ணாடி வளையல் கை நிறையப் போட்டாள். மஞ்சள் கிழங்கு ஒன்றைக் கயிற்றில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டாள். வனஜா கனகாம்பரம் தொடுத்து வைத்திருந்தாள். அக்காளின் தலைப்பக்கம் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள்.

"பயமா இருக்காக்கா?"

"இருக்குது. வையிடி."

கடைசியில் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் அகலமாக வைத்தாள். அதற்குக் கண்ணாடி பார்க்க வேண்டியிருந்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சம்மந்தத்துக்குக் கண் மங்கல்தான். ஆனால் வளையல் சத்தம் கேட்டது. "யாரு அது? யாருடி வளையல் போட்டிருக்கிறது?"

"நான்தான் நைனா."

அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

குடத்தோடு கிணற்றடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கிழவர் துண்டால் கண்ணை மூடிக்கொண்டார். "புருஷன் செத்தவ பூ வச்சுக்கினு வராடா!" என்று யாரோ கத்தினார்கள். "யாரு செத்தாங்க?" என்று அவள் நின்று திருப்பிக் கேட்டாள். "நாட்டாரைக் கேட்டுப் பாருங்க. எம் புருஷன் வருவாராம். வர்றப்ப நான் மூளியா நின்னா நல்லாவா இருக்கும்?"

பாகூர் மார்க்கெட்டில் அவளிடம் வழக்கமாக மீன் வாங்குகிற மளிகைக் கடைக்கார வீட்டம்மா சிவகாமசுந்தரி அவளைப் பார்த்து மலைத்துப்போனாள்.

"உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துட்டாராம்மா?"

"இன்னும் வரலிங்க. செத்துட்டார்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்றாரு எங்க நாட்டார். அதான் தயாரா இருக்கேன்."

சிவகாமசுந்தரி வயிறு குலுங்கச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கதை கடைத்தெரு முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் விருத்தாம்பாளும் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கு அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். வாரம் முடிவதற்குள், அந்தப் புயலில் புருஷன் உடம்பு கிடைக்காத ஏழு பெண்களும் பூவும் வளையலுமாகக் கூடை தூக்கிக்கொண்டு பாகூர்ப் பாதையில் நடந்தார்கள். வில்லியனூர்ச் சந்தை வரைக்கும் சேதி போனது. மீன் வாங்க வருகிறவர்கள், "செத்தவனெல்லாம் பொழச்சு வர்ற ஊரு எதும்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நாட்டார் பாகூருக்கு வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோனது.

பஞ்சாயத்து அவசரமாகக் கூடியது. இந்தத் தடவை பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். போகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"ஊரு மானத்தை வாங்கிட்டீங்களேடி," என்றார் ஆதிமூலம். "எல்லாத்தையும் அழிங்க. பழையபடி இருங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மாமா," என்றாள் காசம்மாள். "செத்துட்டாங்கன்னா எழுதிக் கொடுங்க. நான் இப்பவே அழிக்கிறேன். உசுரோட இருக்காங்கன்னா நாங்க ஏழு பேரும் சுமங்கலி. ஒங்க கல்யாணத்துல ஆலத்தி எடுக்க நாங்கதான் வருவோம். முன்வரிசையில நிப்போம். எங்களைத் தள்ளி நில்லுன்னு சொல்ல உங்களுக்கு வாய் இருக்கக் கூடாது."

ஆதிமூலம் துண்டை உதறி எழப் போனார். அதற்குள் பஞ்சாயத்தாரில் மூத்தவரான தணிகாசலம் மெதுவாக எழுந்தார். விருத்தாம்பாளின் மாமனார் அவர்.

"எம் புள்ள செத்துட்டான்," என்றார். "அஞ்சு வருஷமா தெவசம் கொடுக்கறேன். எனக்குத் தெரியாதா? மருமவ பூ வச்சிக்கினு வர்றப்பல்லாம் ஒரு நிமிஷம் வாசலை எட்டிப் பாக்கறேன். அவன் வந்துட்டானோன்னு. என்னால முடியலப்பா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆதிமூலம், எழுதிக் கொடு. நானும் கைநாட்டு வக்கிறேன். எம் பையனுக்கும் சேத்து எழுது. ஏழு பேருக்கும் எழுது."

மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். ஆதிமூலம் தனியாக நின்றார்.

அந்தச் சமயத்தில் வனஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தாம்பாளம் அவள் கையில் இருந்தது.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்," என்றாள். தாம்பாளத்தை நாட்டார் முன்னால் வைத்தாள். "எங்கப்பன் கட்டாயப்படுத்தினா மேரிக்குப் போயி, வேணாம்னு சொல்லுவேன். அங்கயும் கேக்கலன்னா பாகூர் மார்க்கெட்ல நின்னு சொல்லுவேன்."

ஆதிமூலத்துக்கு மார்க்கெட் என்ற சொல் போதுமானதாக இருந்தது. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லி யாருக்கோ கையைக் காட்டினார்.

பின்வரிசையிலிருந்து தங்கராசு நடந்து வந்து காசம்மாளின் பக்கத்தில் நின்றான். "அன்னிக்கி முன்னாடி வரச் சொன்னீங்க. இன்னிக்கி வந்திருக்கேன்," என்றான்.

காசம்மாள் சொன்னபடியே, கூட்டத்துக்கு நடுவில் நின்று நெற்றிக் குங்குமத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

நாட்டார் கையெழுத்தோடு மேலே போன காகிதம் திரும்பி வர நான்கு மாதம் ஆயிற்று. ஆடி பிறந்துவிட்டது. சௌந்தரராஜன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். புத்தகத்தைத் திறந்து, ஏழு பேரின் பெயரையும் வாசித்துக் காட்டினார். கோதண்டம், மீனவன், வயது இருபத்தெட்டு, கடலில் இறந்தான். அவ்வளவுதான். மேரி வாசல் படியில் வந்து உட்கார்ந்த காசம்மாள் அழ ஆரம்பித்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊர் கூடி அவளை அழ வைத்தபோது, அவன் வந்துவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தங்கராசு தள்ளி மரத்தடியில் நின்றான். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் வரவில்லை. அதற்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆவணியில் கல்யாணம். ஆதிமூலம் கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடலூர்ப் பக்கம் போய்விட்டார். பூட்டிய கதவுக்கு முன்னால், காலை பத்து மணி வெயிலில், பாகூரிலிருந்து வந்த மேளக்காரர்கள் ஊரே கேட்கும்படி வாசிக்கத் தங்கராசு தாலி கட்டினான். சம்மந்தம் வரவில்லை, வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வந்தவர்கள் இருபத்தைந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் கல்யாணம் ஆகாத மற்றப் பதினெட்டுப் பேரில் ஒருவன் பாக்கியில்லாமல் வந்திருந்தான். வெள்ளைப் புடவையோடு நான்கு பெண்கள் வந்தார்கள். காசம்மாள் அவர்களை முன்னால் கூப்பிட்டு அட்சதை போடச் சொன்னாள்.

அதற்கு விலை இருந்தது. தங்கராசுவைப் பெரிய வலையில் சேர்க்கக் கூடாது என்று நாட்டார் சொல்லிவிட்டார். அவனும் இன்னும் மூன்று பேரும் பழைய கட்டைகளைச் சேர்த்துக் கட்டுமரம் கட்டினார்கள். முதல் மழைக்காலம் பட்டினியாகத்தான் போனது. அந்த மாதங்களில் விருத்தாம்பாளும் மற்றவர்களும் தங்கள் கூடைக்கு முன்னால் தங்கராசு மீனைத்தான் விற்றுக் கொடுத்தார்கள். சம்மந்தம் மூத்த மகளோடு இரண்டு வருஷம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், "குழம்புல உப்பு பத்தல," என்றார். அதிலிருந்து பேச்சு.

ஆதிமூலம் தை மாதம் கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து பதினெட்டு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். பந்தல், மேளம் எல்லாம் இருந்தது. ஊர்வலம் போகும்போது காசம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "அந்த ஊருல எவன் வெறுங்கையோட நிக்கிறானோ," என்றாள். அவளால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது அவளுக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆனால் ஈச்சங்குப்பத்தில் விஷயம் நின்றுவிடவில்லை. அடுத்த சித்திரையில் தணிகாசலம் தானே முன்னின்று மருமகள் விருத்தாம்பாளுக்கு மறுகல்யாணம் செய்து வைத்தார். மாப்பிள்ளை, பஞ்சாயத்தில் முதலில் சிரித்தவன். இன்னும் இரண்டு பேருக்கு நடந்தது. ஒருத்தி, "எனக்கு ஒரு தடவை பட்டது போதும், ஆளை விடுங்க," என்று சொல்லிவிட்டாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குப்புவுக்கு அவள் மகளே மாலை எடுத்துக் கொடுத்துத் தாலி கட்ட வைத்தாள். வனஜா இருபது வயதில் நல்லவாடு என்ற ஊர்ப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். கட்டுப்பாட்டை மீறிய அந்த வீட்டை யாரும் விலக்கவில்லை.

1961 மாசியில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் குப்பத்துக்கு வந்தார். காசம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பெயர், வயது எழுதிக்கொண்டார். தங்கராசு கடலில் இருந்தான். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு அவள் பதில் சொன்னாள்.

"கல்யாணம் ஆனவங்களா, விதவையா?"

"ரெண்டும்தான் சார்."

வாத்தியார் நிமிர்ந்தார். "ஒண்ணுதான் எழுதணும்மா."

"அப்ப கல்யாணம் ஆனவன்னு எழுதுங்க. ரெண்டாந்தரம்னு எழுத எடம் இருக்கா?"

"இல்லியே."

"ஓரத்துல எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுதக்கூடாதும்மா." அவர் சிரித்துவிட்டு எழுந்தார். "அடுத்த வீட்டுல யார் இருக்காங்க?"

"ஆம்பளைங்க எல்லாம் கடலுக்குப் போயிருக்காங்க. மாமனாரு கெழவரு இருக்காரு. அவரு மருமவளுக்கும் சேத்து அவரே சொல்லிடுவாரு." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் படி இறங்கினாள். "வாங்க சார், நானும் வரேன். அவ வாயால அவளே சொல்லட்டும்."